ஸ்லாவிய மொழிகளில் பறவைப் பெயர்கள்: சில ஒன்றாக, சில ஏன் ஊருக்கு ஊர் வேறாக?

ஓடர்கரை எழுதியது:

வணக்கம். போலந்தில் வ்ரோத்ஸ்வாஃப் நகரத்தில் வேலை பார்க்கிறேன். எங்கள் குழுவில் போலந்துக்காரர்கள், உக்ரைனியர்கள், ஒரு செக், ஒரு செர்பியர் என்று கலந்து இருக்கிறோம். ஒருநாள் மதியச் சாப்பாட்டில் பறவைப் பெயர்களைப் பற்றிப் பேச்சு வந்தது. கழுகுக்குப் போலிஷில் ஓஜெவ், செக்கில் ஒரெல், ரஷ்யனில் அர்யோல், செர்பியனில் ஓராவோ. கேட்டவுடன் ஒரே சொல் என்று தெரிந்துவிடுகிறது. காக்கையும் அப்படியே. ஆனால் செங்கால் நாரை வந்ததும் ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள்: போலிஷில் போச்சியான், செக்கில் சாப், உக்ரைனியனில் லெலெகா, செர்பியனில் ரோதா. மீன்கொத்தி, வாலாட்டிக்குருவி எல்லாவற்றிலும் இதே கதை.

ஒரே குடும்பத்து மொழிகள்தானே? ஒரு பறவையின் பெயர் ஆயிரம் வருஷம் தாண்டியும் அப்படியே நிற்கிறது, இன்னொன்றின் பெயர் மட்டும் ஏன் எல்லை தாண்டியதும் மாறிவிடுகிறது? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். ஸ்லாவியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதுவதால் உச்சரிப்பு கொஞ்சம் முன்பின் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வேர்தேடி எழுதியது:

நிலைத்த பெயர்களிலிருந்து தொடங்குகிறேன். கழுகின் பெயர் ஸ்லாவிய மொழிகளைவிடப் பழையது. லிதுவேனியனில் எரேலிஸ், வழக்கொழிந்த பழைய மொழிகளான கோதிக்கில் ஆரா, ஹிட்டைட்டில் ஹாரஸ் எல்லாம் அதே வேர். கிரேக்கத்தில் அது ஒர்னிஸ் ஆகி, பொதுவாகப் 'பறவை' என்று பொருள் விரிந்தது. பறவையியலை ஆர்னித்தாலஜி என்கிறோமே, அதற்குள் இருப்பது இந்த ஒர்னிஸ்தான்.

காக்கையைக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். இந்த மொழிகளுக்கெல்லாம் தாயான மூல ஸ்லாவியத்தில் அது வோர்னா. இரண்டு மெய்களுக்கு நடுவே 'ஓர்' வந்த இடத்தில் ஒவ்வொரு கிளையும் அதைத் தன் போக்கில் மாற்றிக்கொண்டது. ரஷ்யனும் உக்ரைனியனும் இன்னொரு உயிரைச் சேர்த்து 'ஒரோ' ஆக்கின: ரஷ்யனில் எழுத்தில் வொரோனா, பேச்சில் வரோனா. போலிஷ் எழுத்தை இடம் மாற்றியது: வ்ரோனா. செக்கும் தெற்கு மொழிகளும் 'ரா' ஆக்கின: வ்ரானா. இதே இடத்தில் சிட்டுக்குருவியை வையுங்கள்: ரஷ்யனில் வரபேய், போலிஷில் வ்ரூபெல், செக்கில் வ்ரபெத்ஸ். நீண்ட வால் கொண்ட கருப்பு வெள்ளை மேக்பையை வையுங்கள்: சரோக்கா, ஸ்ரோக்கா, ஸ்த்ரகா. மூன்று பறவைக்கும் ஒரே மாதிரி மாற்றம். இவ்வளவு ஒழுங்காக மாறியிருந்தால், மொழிகள் பிரிவதற்கு முன்பே அந்தப் பெயர் எல்லார் வாயிலும் இருந்தது என்று அர்த்தம்.

என் கணிப்பு இது: மனிதன் வேட்டையாடிய, வளர்த்த, பயந்த, பயிரைக் காக்க விரட்டிய பறவைகளின் பெயர் நிலைத்தது. கழுகு, வாத்து, அன்னம், கொக்கு, காக்கை, சிட்டுக்குருவி எல்லாம் அந்த வரிசை. வயிற்றுக்கும் வயலுக்கும் சம்பந்தமில்லாத சின்னப் பறவையை அந்தந்த ஊர்க்காரர் கண்ணில் பட்டபடி அழைத்தார்.

பொதிகைக்குருவி எழுதியது:

நான் மொழி படித்தவன் இல்லை, பறவை பார்ப்பவன். வாலாட்டியை மட்டும் சொல்கிறேன், அது உங்கள் கணிப்புக்குச் சாதகம். ரஷ்யனில் அதன் பெயர் த்ரிசகூஸ்கா, 'பின்புறத்தை ஆட்டுவது'. பல்கேரியனில் வால் நீட்டிக்கொண்டிருப்பது என்ற பொருளில் ஒரு பெயர். செக்கில் கொனிபாஸ், 'குதிரை மேய்ப்பவன்'. செர்பியனில் பஸ்திரித்சா, 'இடைச்சி'. மேய்கிற மாட்டின் காலடியில் கிளம்பும் பூச்சிக்காக இது கூடவே ஓடுவதை நம் ஊர் வயல்களிலும் பார்க்கலாம். அதை மேய்ச்சலோடு சேர்த்துப் பார்த்தவர் இடைச்சி என்றார், வாலைப் பார்த்தவர் வாலாட்டி என்றார். தமிழும் வாலைத்தான் பார்த்திருக்கிறது.

ஆனால் நாரை உங்கள் கணிப்புக்கு ஒத்துவரவில்லையே! பெரிய பறவை, கூரை மேலும் மின்கம்பத்தின் மேலும் கூடு கட்டுகிறது, பார்க்காத ஆளே கிடையாது. அதற்கு ஏன் ஏழெட்டுப் பெயர்?

வேர்தேடி எழுதியது:

நியாயமான கேள்வி. நாரைக்குப் பெலாருசியனில் பூசெல், ரஷ்யனில் ஆயிஸ்ட், பல்கேரியனில் ஷ்டர்கெல் என்று இன்னும் உண்டு. இவற்றில் லெலெகா துருக்கிய மொழியின் லெய்லெக். ஷ்டர்கெல் என்பதைக் கேட்டாலே ஜெர்மனின் ஷ்டோர்ஹ் நினைவுக்கு வருகிறது. ஆக வெளியிலிருந்து வந்த பெயர்கள் பழையதைத் தள்ளியிருக்கின்றன. நாரை கூரைக்கு வந்தால் வீட்டுக்கு நல்லது என்று ஸ்லாவிய கிராமங்களில் நம்பிக்கை உண்டு. குழந்தையைக் கொண்டுவருவதும் அதுதான். இப்படிச் செல்லம் கொடுத்து வைத்திருக்கும் பறவைக்குச் செல்லப் பெயர்கள் பெருகுவது இயல்பு என்று நினைக்கிறேன். நாரையைப் பொறுத்தவரை என் கணிப்பில் 'செல்லம்' என்று ஒரு விதிவிலக்கைச் சேர்த்தே ஆகவேண்டும்.

குர்ஸ்க்_பழைய_மாணவி எழுதியது:

அண்ணா, நான் ரஷ்யாவில் குர்ஸ்க் நகரத்தில் மருத்துவம் படித்தவள். அந்த ஊருக்கே அடையாளம் நைட்டிங்கேல்தான். 'குர்ஸ்க் சலவேய்' என்றால் ரஷ்யாவில் எல்லாருக்கும் தெரியும். சலவேய் என்ற பெயருக்கும் 'ஸ்லாவா' என்கிற புகழுக்கும் சம்பந்தம் இருக்கிறதா? செக்கில் அது ஸ்லாவீக் என்று கேள்விப்பட்டபோது அப்படித்தான் தோன்றியது.

இன்னொன்று. சிட்டுக்குருவியை ஏன் வரபேய் என்கிறார்கள் என்று விடுதிக் காப்பாளர் அம்மா ஒரு கதை சொன்னார். 'வோர்' என்றால் திருடன், 'பேய்' என்றால் அடி. தானியம் திருடும் குருவியைப் பார்த்து 'திருடனை அடி' என்று கத்தினார்களாம், அதுவே பெயராகிவிட்டதாம். உண்மையா?

வேர்தேடி எழுதியது:

தங்கச்சி, கதை அழகு, ஆனால் நிற்காது. பெயர் ரஷ்யாவில் மட்டும் இருந்தால் நம்பலாம். வ்ரூபெல், வ்ரபெத்ஸ் என்று மேற்கிலும் தெற்கிலும் இருக்கிறதே, அங்கே 'திருடனை அடி' எங்கே போயிற்று? இந்தக் கதை ரஷ்யனின் இன்றைய வடிவத்துக்கு மட்டும் பொருந்துகிறது. ஒரு பறவைப் பெயருக்கு யாராவது கதை சொன்னால், பக்கத்து மொழிகளில் அது எப்படி இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். பாதிக் கதைகள் அங்கேயே விழுந்துவிடும்.

சலவேய் விஷயமும் அதே. புகழோடு சேர்த்தது பிற்காலக் காது. வேர் நிறத்தைச் சேர்ந்தது. ரஷ்யனில் மங்கலான மஞ்சள் குதிரையைச் 'சலோவி' என்பார்கள். நைட்டிங்கேலைக் கையில் வைத்துப் பார்த்தவருக்கு அது மங்கிய பழுப்பு நிறத்தில் இருக்கும் சாதாரணப் பறவை. உலகமே குரலுக்காகக் கொண்டாடுகிற ஒன்றுக்கு ஸ்லாவியர்கள் நிறத்தை வைத்துப் பெயரிட்டார்கள் என்பது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

குர்ஸ்க்_பழைய_மாணவி எழுதியது:

அப்படியென்றால் நிறம், குரல், குணம் மூன்றிலும் பெயர் பிறக்கும் போல. குணத்துக்கு ஒன்று சொல்கிறேன். வடக்கு ஊசியிலைக் காடுகளில் ஒரு பெரிய காட்டுக்கோழி இனம் உண்டு, ரஷ்யனில் க்ளுஹார். 'க்ளுஹோய்' என்றால் செவிடு. வசந்தத்தில் விடியற்காலையில் ஆண் பறவை பாடும். முதலில் டக் டக் என்று சொடுக்கும், அப்புறம் கத்தி தீட்டுவதுபோல ஒரு கரகரப்பு வரும். அந்தச் சில நொடிகளில் அதற்குக் காது கேட்காது. வேட்டைக்காரர்கள் அந்த நேரத்தில் மட்டும் இரண்டு மூன்று அடி முன்னேறி, பாட்டு நின்றதும் சிலை மாதிரி நின்றுவிடுவார்களாம். எங்கள் பேராசிரியர் ஒருவர் சிறுவயதில் அப்பாவோடு போனதாகச் சொன்னார்.

ஓடர்கரை எழுதியது:

போலிஷில் க்வுஷெத்ஸ். அதுவும் 'செவிடு' என்ற சொல்லிலிருந்துதான், இப்போதுதான் கேட்டு உறுதி செய்தேன். செக்கிலும் அந்த வேர் உண்டாம்.

ஓய்வுபெற்ற_தமிழாசிரியர் எழுதியது:

பயனுள்ள உரையாடல், வாழ்த்துகள். இரண்டு ஐயங்கள். ஒன்று: மயிலுக்கு ஹீப்ருவில் உள்ள துக்கி என்ற சொல்லைத் தமிழின் தோகையோடு தொடர்புபடுத்துவார்கள். ஸ்லாவிய மொழிகளில் மயிலின் பெயருக்கு அப்படி ஏதேனும் உண்டா? இரண்டு: வாத்தினத்துக்கு ரஷ்யனில் கூஸ் என்கிறார்கள். அது ஹம்சத்தோடு உறவுடையதா?

வேர்தேடி எழுதியது:

ஐயா, வணக்கம். மயிலுக்குப் போலிஷில் பாவ், செக்கில் பாவ், ரஷ்யனில் பவ்லீன். எல்லாம் லத்தீனின் பாவோ வழி வந்தவை. தோகை பற்றிய பேச்சு ஹீப்ருவோடு நிற்கிறது, ஸ்லாவியத்தை எட்டவில்லை.

ஹம்சம் வேறு விஷயம். அது நிச்சயமாக உறவு. சமஸ்கிருத ஹம்ச, லத்தீன் ஆன்செர், ஜெர்மன் கான்ஸ், லிதுவேனிய ஜான்சிஸ், போலிஷ் கென்ஷ், செக் ஹுசா, ரஷ்ய கூஸ் எல்லாம் ஒரே சொல்லின் கிளைகள். ஆனால் ஸ்லாவிய வடிவத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. இந்த வகைச் சொற்களில் சமஸ்கிருதத்தின் 'ஹ' ஸ்லாவியத்தில் 'ஜ' போன்ற ஒலியாக வரவேண்டும். குளிருக்கு ஹிமம், ரஷ்யனில் ஜிமா, குளிர்காலம். வண்டியில் கொண்டுபோவதற்கு வஹதி, ரஷ்யனில் வெஜூ. அந்தக் கணக்குப்படி வாத்தின் பெயர் 'ஜ'வில் தொடங்கியிருக்க வேண்டும். லிதுவேனியன் ஒழுங்காக ஜான்சிஸ் என்கிறது. ஸ்லாவியம் மட்டும் 'க'வில் நிற்கிறது.

தொல்லொலி எழுதியது:

இதற்குத் தெளிவான விடை உண்டு என்பது என் கட்சி. ஜெர்மானியரிடமிருந்து கடன் வாங்கியது. ஸ்லாவியர்களுக்கு அருகிலேயே கோத்தியர்கள் என்ற ஜெர்மானிய இனத்தார் இருந்தார்கள். ரொட்டிக்கான ஹ்லேப், அரசனுக்கான க்னியாஸ் எல்லாம் ஜெர்மானியக் கடன்தானே. முதலாம் நூற்றாண்டில் ரோமானிய எழுத்தாளர் பிளினி ஜெர்மானிய நாட்டு வெள்ளை வாத்துகளின் இறகுக்கு ரோமில் இருந்த கிராக்கியை எழுதியிருக்கிறார், ஒரு ராத்தல் இறகு ஐந்து தெனாரியஸ், அதாவது ஐந்து ரோமானிய வெள்ளிக்காசு. அவ்வளவு பேர்போன வளர்ப்பு வாத்து பக்கத்து வீட்டுக்குப் போகும்போது பெயரும் கூடப் போகாதா?

வேர்தேடி எழுதியது:

தோழர், இறகு வியாபாரம் பலமான வாதம், மறுக்கவில்லை. ஆனால் மாமியாரைப் பாருங்கள். சமஸ்கிருதத்தில் ச்வச்ரூ. ஒலிவிதிப்படி ரஷ்யனில் நடுவே 'ஸ்' வந்திருக்க வேண்டும். வந்திருப்பது ஸ்வெக்ரோவ், 'க்'. மாமியாருக்கான சொல்லை யாரிடமும் கடன் வாங்கவில்லை, அது வீட்டுச் சொல். இரண்டு சொல்லிலும் பொதுவாக ஒரு 'ஸ்' இருப்பதைக் கவனியுங்கள். ஒரே சொல்லில் இரண்டு சீறல் ஒலி வருவதை நாக்கு தவிர்த்து, ஒன்றைப் பழைய 'க்' பக்கமே நிறுத்திக்கொண்டது என்று ஒரு விளக்கம் உண்டு. நான் அந்தப் பக்கம். வாத்து அந்த நிலத்துக்கே உரிய பறவை. காட்டு வாத்துக் கூட்டம் வருஷத்துக்கு இரண்டு முறை தலைக்கு மேலே கத்திக்கொண்டு போகும்போது அதற்குச் சொந்தப் பெயர் இல்லாமலா இருந்திருப்பார்கள்?

தொல்லொலி எழுதியது:

காட்டு வாத்துக்கு ஒரு பெயர் இருந்திருக்கலாம், வளர்ப்பு வாத்தின் பெயர் அதை அடித்துப் போட்டிருக்கலாம். நாரையில் அதுதானே நடந்தது என்று நீங்களே எழுதினீர்கள். மாமியார் உதாரணம் நல்லது. ஆனால் கடனை முழுக்க ஒதுக்கிவிட அது போதாது. என் நிலை அதேதான்.

ஓய்வுபெற்ற_தமிழாசிரியர் எழுதியது:

இருவருக்கும் நன்றி. நிறைவான விளக்கம். சமஸ்கிருதத்தோடு ஒத்துப்போகும் வேறு பெயர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

வேர்தேடி எழுதியது:

மூன்று சொல்கிறேன் ஐயா. தேத்தெரெவ் என்று ரஷ்யனில் ஒரு காட்டுக்கோழி. அதன் உறவு சமஸ்கிருத தித்திரி, கௌதாரி. தைத்திரீய உபநிடதத்தின் பெயருக்குள் இருக்கும் அதே தித்திரி. குரலையே இரட்டித்துச் சொன்ன பெயர். இரண்டாவது, மேக்பையின் சரோக்கா. லிதுவேனியனில் ஷார்கா. இதைச் சாரிகாவோடு ஒப்பிடுவார்கள். நாகணவாய்ப் பறவைக்குச் சாரிகை என்று தமிழிலும் ஒரு பெயர் உண்டல்லவா, அது. வேறு பறவைதான். ஆனால் இரண்டும் ஓயாமல் வளவளக்கும் பறவைகள். மூன்றாவது, வல்லூறு: சோகல். இதைச் சகுன என்ற சொல்லோடு சேர்ப்பார்கள். சகுன என்றால் முதலில் பறவை. பறவை பார்த்துக் குறி சொன்னதால்தான் நமக்குச் சகுனம் வந்தது. இந்த மூன்றாவதை எல்லா அறிஞர்களும் ஏற்கவில்லை.

வல்தாவா எழுதியது:

பிராகிலிருந்து. செக் பற்றிக் கொஞ்சம் சேர்க்கிறேன்.

காக்கையின் சின்னத் தம்பி மாதிரி ஒரு பறவை இங்கே தேவாலயக் கோபுரங்களில் கூடு கட்டும். பெயர் காவ்கா, போலிஷிலும் அதே. 'காவ் காவ்' என்று கத்துவதால் வந்த பெயர். எழுத்தாளர் ஃபிரான்ஸ் காஃப்காவின் குடும்பப் பெயர் இதுதான். அவர் அப்பா ஹெர்மன் பிராகில் நடத்திய கடையின் சின்னமாக இந்தப் பறவையைத்தான் வைத்திருந்தார்.

கொக்கின் பெயர் இங்கே யெர்ஜாப், போலிஷில் ஜுராவ், ரஷ்யனில் ஜுராவ்ல். லத்தீன் க்ரூஸ், கிரேக்கம் கெரனோஸ் எல்லாம் உறவு, குரலிலிருந்து பிறந்த வேர். கட்டடம் கட்டும் இடத்தில் நிற்கும் பாரந்தூக்கிக்கும் செக்கில் யெர்ஜாப் என்றே பெயர். போலிஷில் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைக்கும் ஏற்றமும் ஜுராவ். ஏற்றக் கழி சாய்ந்து நிமிர்வதைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்லவேண்டியதில்லை. க்தான்ஸ்க் துறைமுகத்தில் 15ஆம் நூற்றாண்டுப் பெரிய மரப் பாரந்தூக்கி ஒன்று இருக்கிறது, ஊர்க்காரர்கள் அதை ஜுராவ் என்றே சொல்கிறார்கள். இரண்டாம் உலகப் போரில் எரிந்ததைத் திரும்பக் கட்டினார்கள்.

19ஆம் நூற்றாண்டில் யான் ஸ்வதோப்ளுக் பிரெஸ்ல் போன்றவர்கள் உட்கார்ந்து செக்கில் அறிவியல் பெயர்களை உருவாக்கினார்கள். இல்லாத இடத்தில் ரஷ்யனிலிருந்தும் போலிஷிலிருந்தும் எடுத்துக்கொண்டார்கள். அதனால் ஒரு செக் பறவைப் பெயர் ரஷ்யப் பெயரைப் போலவே இருந்தால் உடனே 'பழைய உறவு' என்று முடிவு கட்டக்கூடாது. புத்தகம் வழியாக வந்ததாக இருக்கலாம்.

பொதிகைக்குருவி எழுதியது:

இது முக்கியமான எச்சரிக்கை. மீன்கொத்திக்கு அங்கே என்ன பெயர்?

வல்தாவா எழுதியது:

செக்கில் லெத்ன்யாச்செக், 'லெத்' என்றால் பனிக்கட்டி. போலிஷில் ஜிமொரோதெக், ரஷ்யனில் ஜிமரோதக், சொல்லைப் பிரித்தால் 'குளிர்காலத்தில் பிறந்தது'. உக்ரைனியன் மட்டும் நேராக ரிபாலச்கா, 'மீன்பிடிப்பது' என்கிறது. மீன்கொத்தி கோடையை ஒட்டித்தான் குஞ்சு பொரிக்கும், குளிர்காலத்தில் இல்லை. அதனால் இரண்டு விளக்கம் சொல்கிறார்கள். ஒன்று, நடுக்குளிரில் கடல் அமைதியாகும்போது மீன்கொத்தி கூடு கட்டும் என்ற கிரேக்கப் பழங்கதை. இன்னொன்று, 'ஜெம்லியா', அதாவது மண் என்ற சொல்தான் 'ஜிமா'வாகத் திரிந்தது, ஆற்றங்கரை மண்ணில் வளை தோண்டிப் பிறப்பதால் 'மண்ணில் பிறந்தது'. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கிறது. ஆனால் செக்கின் பனிக்கட்டியை அது விளக்காது. ஓடை உறைந்த நாளில், உறையாத ஓரத்தில் அந்த நீலம் பளிச்சென்று தெரிவதை இங்கே பார்த்தால் லெத்ன்யாச்செக் என்பது சரியாகத்தான் படுகிறது.

குர்ஸ்க்_பழைய_மாணவி எழுதியது:

குயிலை யாரும் சொல்லவில்லையே. குக்கூஷ்கா கூவினால் ரஷ்யர்கள் 'எனக்கு இன்னும் எத்தனை வருஷம்?' என்று கேட்டு எண்ணுவார்கள். இந்தப் பெயர் குரலிலிருந்து என்பது தெளிவு. ஆனால் உக்ரைனியத் தோழி ஜொஜூல்யா என்பாள். அது எங்கிருந்து?

வேர்தேடி எழுதியது:

அதுதான் பழைய பெயர் தங்கச்சி. இளவரசன் ஈகோரின் படையெடுப்பைப் பற்றிய பழைய ரஷ்யக் காவியத்தில் அவன் மனைவி யாரஸ்லாவ்னா பூதிவ்ல் கோட்டை மதில்மேல் நின்று புலம்பும் இடத்தில் அவளை ஜெக்ஜித்சாவாக, அதாவது குயிலாக, சொல்கிறது. லிதுவேனியனில் கெகுத்தே, மே மாதத்துக்கே அங்கே குயிலின் பெயர், கெகுஜே. உக்ரைனியன் பழையதை விடாமல் வைத்திருக்கிறது. ரஷ்யனில் குக்கூஷ்கா அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. செர்பியனில் குக்காவித்சா என்றால் குயில், கோழை, பாவப்பட்டவள் என்று பல பொருள். 'குக்காதி' என்றால் ஒப்பாரி வைப்பது. செத்த சகோதரனுக்காக அழுது குயிலாகிப் போன தங்கையின் கதை அங்கே வழங்குகிறது. காவியப் புலம்பலிலும் செர்பிய ஒப்பாரியிலும் அதே பறவை வருவதைப் பார்த்தால், கூவலை அழுகையாகக் கேட்டது வெகுகாலப் பழக்கம் என்று தோன்றுகிறது.

ஓடர்கரை எழுதியது:

போலிஷில் சாதாரணமாகக் குக்குவ்கா. பழைய பெயர் க்ஜெக்ஜூவ்கா என்று எழுத்துக்கூட்டல் பயிற்சியில் மட்டும் உயிரோடு இருக்கிறதாம். பிள்ளைகளைப் படாத பாடு படுத்தும் சொல் என்று சக ஊழியர் ஒருவர் சொன்னார்.

இன்னொரு கேள்வி. சாய்க்கா என்றால் ரஷ்யனில் கடற்காகம். இங்கே சாய்க்கா என்று ஆள்காட்டிக் குருவியைக் காட்டுகிறார்கள். யார் சரி?

பொதிகைக்குருவி எழுதியது:

இருவரும் சரியாகவே இருக்கலாம். இரண்டும் தண்ணீர் ஓரத்தில் கூட்டமாகக் கத்தும் பறவைகள். கூவலிலிருந்து வந்த பெயர் கூவுகிற எதற்கும் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் பெயர் ஒன்றாக இருந்தாலும் பறவை ஒன்றா என்று தனியாகப் பார்க்கவேண்டும்.

வேர்தேடி எழுதியது:

சரியாகச் சொன்னீர்கள். போலிஷில் கடற்காகத்துக்கு மேவா, அது ஜெர்மனிலிருந்து வந்தது. எதிர்த் திசையிலும் பெயர்கள் போயிருக்கின்றன: செக்கின் ஸ்தெஹ்லீக், போலிஷின் ஷ்சிகியெவ் வகைச் சொல்தான் ஜெர்மனில் ஷ்டீக்லிட்ஸ் ஆனது. முகம் சிவந்த சின்னப் பாட்டுப் பறவை, கூண்டில் வளர்ப்பார்கள். செக்கின் சீஜெக் ஜெர்மனில் ட்ஸைசிக் ஆனதும் இதே வகை. கானமயில் இனத்துக்கான ஜெர்மன் த்ராப்பெயும் ஸ்லாவியத்தின் த்ரோப் என்பதிலிருந்து வந்தது.

ஓடர்கரை எழுதியது:

எங்கள் செர்பிய நண்பர் இந்த இழையைப் பற்றிக் கேட்டுவிட்டு 'கோஸ் பறவையைக் கேள்' என்று சொல்லி அனுப்பினார். கொசோவோவுக்கும் அதற்கும் தொடர்பு என்கிறார்.

வேர்தேடி எழுதியது:

உண்மை. கோஸ் என்றால் உடல் முழுக்கக் கருப்பாகவும் அலகு மஞ்சளாகவும் இருக்கும் பூங்குருவி இனம். கொசோவோ போல்யே என்றால் 'கோஸ் பறவையின் வயல்வெளி'. 1389இல் செர்பியர்களுக்கும் ஒட்டோமான் துருக்கியர்களுக்கும் போர் நடந்த இடம் அதுதான். ஜெர்மனில் அந்த இடத்தை அம்செல்ஃபெல்ட் என்பார்கள், அதே பொருளில் மொழிபெயர்த்த பெயர். பறவைக்குப் போலிஷ், செக், ஸ்லோவேனியன், செர்பியன், பல்கேரியன் எல்லாவற்றிலும் கோஸ் என்றே பெயர். இன்றைய ரஷ்யனிலோ அதைச் சோர்னி த்ரோஸ்த், கருப்புப் பூங்குருவி, என்று இரண்டு சொல்லில் சொல்கிறார்கள்.